ஒன்றரை கிராம் அட்டை

மாரிகுப்பத்தைத் தாண்டி வண்டி போகாது. பங்காருப்பேட்டையில் பிரிந்து கோலார் தங்கவயலுக்குள் வரும் கிளைப் பாதைக்கு இதுதான் கடைசி நிலையம். 1894இல் சுரங்கங்களுக்காகப் போட்ட பாதை. அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டன. இன்று விடியற்காலை வண்டி பெங்களூர் வேலைக்குப் போகிறவர்களை அள்ளிக்கொண்டு போகிறது. ராத்திரி வண்டி கொண்டுவந்து இறக்குகிறது.

வண்டி ஏறாமல் ஊரிலேயே பிழைப்புத் தேடுகிறவர்களுக்குக் கடைதான் வழி. ஒரு தையல் மெஷின், ஒரு மாவு அரவை, வீட்டு அடுப்பில் போடும் முறுக்கு, செல்போன் ரிப்பேர். அப்படிக் கடை வைக்கிறவர் வாடகைக்கும் சரக்குக்கும் அடுத்தபடி அச்சுக்குக் காசு எடுத்து வைக்கிறார். விசிட்டிங் கார்டு, பில் புக், பிட் நோட்டீஸ், பாக்கெட்டில் ஒட்டும் லேபிள் எல்லாம் அதில் அடக்கம். பேரும் நம்பரும் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். பேரும் நம்பரும் போதும்தான். அவற்றை எந்த எழுத்தில், எந்த அளவில், எந்த மையில், எந்தத் தாளில் போடுவது என்று முடிவுசெய்வதற்குத் தேர்ந்த கையும் கண்ணும் வேண்டும். அச்சு வடிவமைப்பு என்னும் அந்தத் தொழிலைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம்.

பெயரில் எழுதிய விலை

சிறு வியாபாரத்துக்கு அச்சு எதற்கு என்பதைத் தீப்பெட்டி சொல்லும். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். ஊரில் தீப்பெட்டிக் கம்பெனிகள் பெருகின. குச்சியும் மருந்தும் எல்லாப் பெட்டியிலும் ஏறத்தாழ ஒன்றுதான். பிரித்துக் காட்டியது மேலே ஒட்டிய லேபிள். படிக்கத் தெரியாதவர்கூடப் படத்தைச் சொல்லிப் பெட்டியைக் கேட்டு வாங்க முடிந்தது. அந்த லேபிளுக்காக வந்த அச்சு இயந்திரங்கள்தான் பிறகு சிவகாசியை நாட்காட்டிக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் பேர்போன அச்சு நகரமாக்கின.

தங்கவயலின் அச்சு உறவு இதைவிடப் பழையது. பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ஒரு வார இதழைத் தொடங்கினார். அதன் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. யார் படிக்க வேண்டும், அவர் கையில் எவ்வளவு இருக்கும் என்ற இரண்டையும் தலைப்பே சொல்லிவிட்டது. மறு ஆண்டு அது 'தமிழன்' ஆனது. அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் அதைத் தாங்கினார்கள். 1914இல் அவர் மறைந்த பிறகு, 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. தங்கவயல் சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களைப் பதிப்பித்தது. பாதாளத்தில் பாறை உடைத்தவர்கள் மேலே வந்து தாளில் எழுத்தைக் காப்பாற்றிய ஊர் இது. இங்கே அச்சடிக்கிற ஒரு சின்னக் கார்டுக்கும் அந்த மரபில் இடம் உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

முதல் வேலை, கேட்பது

நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் தையற்கடை வைப்பதாகக் கொள்வோம். அச்சகத்துக்கு வருகிறார். பெயர், இரண்டு போன் நம்பர், முகவரி, பிளவுஸ், சுடிதார், பள்ளிச் சீருடை, ஃபால்ஸ், ஓரம் அடித்தல், சாமி படம், கத்தரிக்கோல் படம், ஒரு வாழ்த்து வாசகம் என்று எல்லாம் அட்டையில் வரவேண்டும் என்கிறார். அட்டையின் அளவோ 90 மில்லிமீட்டருக்கு 54.

நல்ல வடிவமைப்பாளர் உடனே கணினியைத் தொடமாட்டார். கேட்பார். "இதை யாருக்கு அண்ணா குடுப்பீங்க?" காலை ஐந்து மணிக்கு வண்டிக்கு ஓடும் பெண்களுக்கு என்றால், பிளாட்பாரத்தின் மங்கிய வெளிச்சத்தில் நம்பர் தெரிய வேண்டும். அவர்கள் திரும்பி வருவதற்குள் இருட்டிவிடும். அப்படியானால் கடை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பது சாமி படத்தைவிட முக்கியம். பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பது என்றால் சீருடை என்ற ஒரு சொல் முன்னே வர வேண்டும். இப்படிக் கேட்கக் கேட்க, பத்து விஷயம் நாலாகக் குறையும். மிச்சமுள்ள நாலுக்கும் சுற்றி மூச்சுவிட இடம் கிடைக்கும். அச்சில் வெற்றிடம் வீண் இல்லை; கண் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவது அந்த வெற்றிடம்தான்.

நான்கு எழுத்து, ஒரே அட்டை

தங்கவயலில் ஒரு கார்டு போடுவது சென்னையில் போடுவதைவிடக் கடினம். வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் கன்னடம், பக்கத்து ஆந்திர எல்லையிலிருந்து வரும் தெலுங்கு, போன் நம்பருக்குப் பக்கத்தில் ஆங்கிலம். கடைப் பெயர்ப்பலகை என்றால் 2024இல் திருத்தப்பட்ட கர்நாடகச் சட்டப்படி 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும். கார்டுக்கு அந்த விதி இல்லாவிட்டாலும், பலகையும் கார்டும் ஒரே கடையுடையவை என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் உடல்வாகு உண்டு. தமிழ் அகலத்தில் வளரும். கொம்பும் காலும் இருபுறமும் சேர்ந்துகொண்டு சொல் நீண்டுபோகும். கன்னடமும் தெலுங்கும் கீழே இறங்கும்; கூட்டெழுத்தின் இரண்டாம் மெய், முதலெழுத்தின் காலடியில் தொங்கும். கன்னடர் அதை ஒத்தட்சரம் என்பார்கள். தமிழுக்குப் பொருந்திய வரி இடைவெளியைக் கன்னடத்துக்கும் வைத்தால் ஒரு வரியின் ஒத்தட்சரம் அடுத்த வரியின் தலையில் இடிக்கும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் உண்டு, நம் எழுத்துகளில் இல்லை. அதனால் ஆங்கிலத்தை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டால் அது மற்றவற்றை அமுக்கிவிடும். கணினியில் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு எண் கொடுத்தாலும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியாது. கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு ஓர் அருமையான விடை மும்பையில் பிறந்தது. ஏக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழு, பலூ என்ற ஒரே எழுத்துருவைப் பல இந்திய எழுத்துகளுக்கு வரைந்தது. தடிமனும் வளைவும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகும். தமிழுக்குப் பலூ தம்பி, கன்னடத்துக்குப் பலூ தம்மா, தெலுங்குக்குப் பலூ தம்முடு என்று பெயர். மூன்றுக்கும் பொருள் தம்பிதான். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். மூன்று மொழி பேசும் தங்கவயல் தெருவுக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்துக் குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

இன்னொரு தொல்லை கண்ணுக்குத் தெரியாதது. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழ், யூனிகோடு குறியாக்கம். அச்சகங்கள் பலவற்றில் இன்னும் ஓடும் பழைய மென்பொருளுக்குப் பழைய குறியாக்க எழுத்துருக்கள்தான் பழக்கம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கொம்பு இடம் மாறும், சில எழுத்து கட்டமாகும். அதனால்தான் வேலை முடிந்ததும் "கர்வ் பண்ணி அனுப்புங்க" என்று அச்சகத்தார் சொல்வார்கள். எழுத்தை எழுத்தாக வைக்காமல் கோட்டுச் சித்திரமாக மாற்றிவிடுவது அது. பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து சிதறாது. ஆனால் அதற்குமேல் பிழை திருத்தவும் முடியாது.

தங்கம் இல்லாத தங்க நிறம்

தங்கவயல் கடைக்காரருக்குக் கார்டில் தங்க நிறம் வேண்டும் என்று ஆசை இருப்பது இயல்பு. இங்கேதான் நிறத்தின் அறிவியல் வருகிறது. செல்போன் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரத்திடம் ஒளி இல்லை, மைதான் உண்டு: சியான், மஜெந்தா, மஞ்சள், கருப்பு. வெள்ளைத் தாளில் விழும் ஒளியில் ஒரு பகுதியை மை விழுங்கிவிட, மிச்சம் கண்ணுக்கு வருகிறது. அதனால் திரையில் ஜொலிக்கும் பச்சையும் ஆரஞ்சும் தாளில் சற்று மங்கும். போனில் பார்த்து ஒப்புதல் தந்தவர், கார்டு கைக்கு வந்ததும் நிறம் செத்துப்போச்சு என்று வருந்துவதற்கு இதுதான் காரணம்.

தங்கத்தின் மினுக்கம் இந்த நான்கு மையில் எவ்வளவு கலந்தாலும் வராது. ஒருவகைப் பழுப்பு மஞ்சள்தான் வரும். உண்மையான மினுக்கம் வேண்டுமானால் இரண்டு வழி. ஒன்று உலோக மை. அதில் இருப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த பொடி, அதாவது பித்தளை இனம். மற்றொன்று ஃபாயில்: மெல்லிய படலத்தை அட்டைமேல் வைத்துச் சூடேற்றிய உலோக பிளாக்கால் அழுத்துவது. அந்தப் படலத்தில் மினுங்குவது அலுமினியம். அதன்மேல் பூசிய மஞ்சள் பூச்சு அதைத் தங்கமாகக் காட்டுகிறது. ஃபாயிலில் மெல்லிய கோடுகள் அடைபட்டுப் போகும். எனவே கடைப் பெயருக்கு மட்டும், தடித்த எழுத்தில் வைப்பதே நல்லது.

எத்தனை வேண்டும்?

எந்த முறையில் அச்சடிப்பது என்பதை எண்ணிக்கைதான் தீர்மானிக்கும். ஆஃப்செட் அச்சின் அடிப்படை எளியது: எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. தகட்டில் படம் உள்ள இடம் எண்ணெய்ப் பசையுள்ள மையை ஏற்கும். இல்லாத இடம் ஈரத்தை ஏற்று மையைத் தள்ளும். அந்த மை ரப்பர் போர்வைக்கு மாறி, அங்கிருந்து தாளுக்குப் போகும். நிறத்துக்கு ஒரு தகடாக நான்கு தகடு வேண்டும். தகடு போட்டு இயந்திரத்தைச் சரிசெய்வதற்கே செலவு ஆகிவிடுவதால் நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. பெரிய ஊர் அச்சகங்கள் பல கடைகளின் கார்டுகளை ஒரே தாளில் அடுக்கி அடித்து வெட்டித் தருகின்றன. ஆயிரம் கார்டு மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் அதுதான்.

டிஜிட்டல் அச்சுக்குத் தகடே வேண்டாம். ஐம்பது முறுக்குப் பாக்கெட் லேபிள் அடித்து விற்றுப் பார்த்து, பிறகு மாற்றி அடிக்கலாம். வியாபாரம் தொடங்குகிறவருக்கு இது பெரிய வரம். துணிப்பைக்கும் பனியனுக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்: சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியே மையை வழித்துத் தள்ளுவது. காலால் மிதித்து ஓட்டிய பழைய ட்ரெடில் அச்சு இயந்திரம்கூட எல்லா இடத்திலும் ஓய்ந்துவிடவில்லை. பில்லுக்கு வரிசை எண் போட, கிழிக்கத் துளையிட, அட்டையில் மடிப்பு விழ வைக்க இன்றும் கைகொடுக்கிறது.

பில் புக் கடையின் மிகக் கடினமான வடிவமைப்பு. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை என்றால் பதிவு எண்ணும், 16 குறிகளுக்கு மேற்படாத தொடர் எண்ணும் பில்லில் வர வேண்டும். தின்பண்டம் விற்பவர் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைப் போட வேண்டும். இத்தனைக்கும் நடுவே, அவசரத்தில் பேனாவால் எழுதுகிறவரின் கைக்குக் கட்டங்கள் போதிய உயரம் இருக்க வேண்டும். அழகான பில்லில் எழுத இடமில்லை என்றால் அந்த வடிவமைப்பு தோற்றுவிட்டது.

கடைசிப் பார்வை

அச்சுக்குப் போகுமுன் மூன்று காரியம். ஓரம்வரை நிறம் வரும் இடத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வண்ணம் நீட்டி வைப்பது. வெட்டும் கத்தி இம்மி நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியாது. எழுத்தை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைப்பது. மூன்றாவதாக, மெய்ப்புப் பார்ப்பது. பெயரை அதன் சொந்தக்காரரே எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். போன் நம்பரைப் படித்தால் மட்டும் போதாது. மெய்ப்பிலுள்ள நம்பருக்கு ஒருமுறை போன் போட்டு, மணி அவர் சட்டைப் பையில் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தாளின் கனத்தைக் கிராமில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது கணக்கு. பில் தாள் 70 என்றால் கார்டு அட்டை 300. அந்தக் கணக்கில் ஒரு விசிட்டிங் கார்டின் எடை ஏறத்தாழ ஒன்றரை கிராம். இரண்டு கார்டு 3 கிராம். தங்கவயல் சுரங்கத்தின் கடைசி ஆண்டுகளில் ஒரு டன் பாறையை இடித்து அரைத்தால் கிடைத்த தங்கமும் ஏறத்தாழ 3 கிராம்தான். மிச்சமெல்லாம் மண்ணாகி, ஊரைச் சுற்றி மேடுகளாக நிற்கிறது.

கடைக்காரர் சொல்லும் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, வேண்டாததைக் கழித்து, வேண்டிய நாலு சொல்லை நிறுத்துவதும் அதே வேலைதான். இந்த ஊர்க்காரர்களுக்கு அது புதிதல்ல.