பாவா ஆதம் மலையும் கவ்வாத்துச் சாமியும்

மஸ்கெலியாப் பக்கம் பனி விலகும் காலைகளில் அந்தக் கூம்பு மலை தெளிவாகத் தெரியும். நமக்கு அது பாவா ஆதம் மலை. பௌத்தர்களுக்கு ஸ்ரீபாத, இந்துக்களுக்குச் சிவனொளிபாதம். உயரம் 2,243 மீற்றர். 1344இல் இதில் ஏறிய இப்னு பதூதா, பாபா வழி, மாமா வழி என்று ஆதம், ஹவ்வா பெயரால் வழங்கிய இரண்டு பாதைகளையும், பிடித்து ஏறப் பாறையில் மாட்டியிருந்த சங்கிலிகளையும் எழுதிவைத்துள்ளார். எங்கள் உம்மம்மா மலை கண்ணில் பட்டதும் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வார். "ஏன் உம்மம்மா?" என்றால், "பெரியவங்க கால் பட்ட எடம்டா" என்பார்.

வெள்ளைக்காரன் கண்ணுக்கு மலை என்பது ஏக்கர் கணக்குத்தான். முதலில் கோப்பி; 1869இல் இலைநோய் வந்து அது அழியத் தொடங்கியதும் தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் அதை நட்டிருந்தார். காடு சரிவு சரிவாக விழுந்தது. 5,000 அடிக்கு மேலுள்ள காட்டில் கைவைக்க வேண்டாமென்று 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை சொன்னார். ஆகவே மலையுச்சிக் காடு மிஞ்சியதற்குப் பக்தி ஒன்றே காரணம் என்று நாம் பெருமை பேசிவிட முடியாது.

இனி, அந்தக் காட்டை வெட்டிய கைகளின் கதை. தமிழகத்து வயல்வெளிகளிலிருந்து வந்தவர்களுக்கு மாரியம்மனைத் தெரியும். அட்டையும் குளிரும் தெரியாது. இங்கே வந்தபின் புதுச் சாமிகள் பிறந்தன. செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கவ்வாத்துச் சாமி, கொழுந்தெடுக்கும் மலையில் கொழுந்துச் சாமி, தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதைமுனி. நம் அகீதா வேறுதான். ஆனாலும் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினால் ஒரு சமூகத்தின் வரலாற்றையே தவறவிடுவோம். கத்தி காலில் படும், ரோதையில் கை மாட்டும். அந்தப் பயத்துக்குத் துரையிடம் மருந்தில்லை, சாமியிடம் போனார்கள். மாசியில் ஆடும் காமன் கூத்தும் ஊரிலிருந்து வந்ததுதான். ஆனால் அதற்குக் களம் இப்போது லயத்து முற்றம்.

எந்த மலையில் எந்த நிரை எப்போது துளிர்க்கும் என்று அவர்களுக்குக் கைமனப்பாடம். 1948இல் குடியுரிமை போனது. அது திரும்பக் கிடைத்த பிறகும் மண் கிடைக்கவில்லை. 7 பேர்ச் காணிக்கு உறுதி கேட்டு இன்னும் நிற்கிறார்கள். லயத்துக்கு முன்னாலுள்ள துண்டு நிலத்தில் போஞ்சியும் கோவாவும் போடுகிறார்கள். அதுவும் தோட்ட நிர்வாகம் விட்டால்தான்.