ஒதுங்க நிழல் தருமா இந்தக் கட்டடம்?



ஜப்பானியக் கட்டடக் கலையைப் பார்க்கத் தோக்கியோ வரை போக வேண்டுமா? பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் நமக்கு அது தேவையில்லை. ஜொகூர் பாலத்தைத் தாண்டி, கிராஞ்சியில் ரயில் ஏறி, சிங்கப்பூரின் ராபிள்ஸ் பிளேஸில் இறங்கினால் போதும். மூன்று ஜப்பானியக் கலைஞர்களின் கட்டடங்களை நடந்தே பார்த்துவிடலாம். நம்மவர்கள் பலர் வேலைக்காக அன்றாடம் அந்த வழியே போகிறார்கள். அண்ணாந்து பார்க்கத்தான் நேரமில்லை!

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் தெரிவது ஒன் ராபிள்ஸ் பிளேஸ். கென்ஸோ டாங்கே வடிவமைத்தது. 1986-இல் கட்டி முடிந்தது. உயரம் 280 மீட்டர். அருகிலேயே அவரது யூஓபி பிளாஸா, 1992-இல் எழுந்தது. அதுவும் 280 மீட்டர். அடுத்து, கிஷோ குரோகாவாவின் ரிபப்ளிக் பிளாஸா, 1995. அதுவும் அதே 280! விமானப் போக்குவரத்தின் பாதுகாப்பு கருதி, அந்நாளில் அங்கு அதற்கு மேல் கட்ட அனுமதி இல்லை. குரோகாவா நமக்குப் புதியவர் அல்லர். 1998-இல் திறக்கப்பட்ட நமது சிப்பாங் அனைத்துலக விமான நிலையத்தில், கட்டடத்தின் நடுவே மழைக்காட்டு மரங்களை வைத்தவர் அவர்தான்.

உயரத்தை விட்டுவிட்டுக் கீழே பாருங்கள். யூஓபி பிளாஸாவின் அடித்தளத்தில் பல மாடி உயரத்துக்கு ஒரு பெரிய திறப்பை விட்டிருக்கிறார் டாங்கே. ராபிள்ஸ் பிளேஸிலிருந்து ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் அதன் வழியே நடக்கலாம். மழைக்கு ஒதுங்கலாம். அந்த வங்கியில் உங்களுக்குக் கணக்கு இருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, மார்க்கெட் ஸ்திரீட்டில் 40 மாடி கேப்பிட்டாகிரீன். முன்பு அங்கே அடுக்குமாடி கார் நிறுத்துமிடம் இருந்தது. 2013-இல் கட்டடக் கலையின் உயரிய பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்ற தோயோ இத்தோ, 2014-இல் முடித்த கட்டடம் இது. முகப்பில் பாதிக்கு மேல் செடிகள். கண்ணாடிச் சுவர் இரண்டு அடுக்காக இருப்பதால் வெயிலின் சூடு உள்ளே வருவது குறைகிறது. உச்சியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூவிதழ்போல் விரிந்திருப்பது வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். மேலே உள்ள குளிர்ந்த, சுத்தமான காற்றைப் பிடித்துக் கீழே அனுப்பும் வழி அது. குளிரூட்டியின் வேலை அந்த அளவுக்குக் குறைகிறது.

இதெல்லாம் பணக்காரக் கட்டடங்களின் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் ஊர்க் கடைவீடுகளின் ஐந்தடியை நினைத்துப் பாருங்கள். கடையில் எதுவும் வாங்காதவருக்கும் அது நிழல் தருகிறது. அந்த ஐந்தடியில் சரக்குப் பெட்டிகளையும் மேசை நாற்காலிகளையும் போட்டு அடைத்து, பாட்டியையும் பள்ளிப் பிள்ளையையும் சாலையில் இறங்கி நடக்க வைப்பது யார்? நாம்தானே!

அடுத்த முறை புதிய கட்டடம் ஒன்றைப் பார்த்தால், எத்தனை மாடி என்று மட்டும் எண்ணாதீர்கள். உள்ளே நுழையாமல் கடந்து போகிறவருக்கு அது என்ன தருகிறது என்றும் பாருங்கள். நம் கடை, நம் வீட்டு வாசல், நம் ஆலய மண்டபம், எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.