இயேசு உண்மையிலேயே அஞ்சினாரா?



தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகளைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் பேசும்போது, ஏதாவதொரு குழந்தை தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இயேசு கடவுள்தானே! மூன்றாம் நாள் உயிர்த்தெழுவோம் என்பது அவருக்குத் தெரியும்தானே! அப்புறம் ஏன் கெத்சமனித் தோட்டத்தில் அவ்வளவு பயந்தார்? சும்மா நமக்காக அப்படிக் காட்டினாரா?"

பெரியவர்களாகிய நாம் இப்படி வெளிப்படையாகக் கேட்பதில்லை. ஆனால் இதே எண்ணம் வேறு உருவத்தில் நம் உள்ளத்திலும் இருக்கிறது. தீராத நோயில் படுத்திருப்பவரிடம், "ஆண்டவர் பட்ட பாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று ஆறுதல் சொல்கிறோம். அவரோ, "அவருக்கென்ன, அவர் கடவுள், தாங்கிக்கொண்டார். நான் மனிதப் பிறவி, என்னால் முடியுமா?" என்கிறார். கேட்பதற்கு இது தாழ்ச்சியாகத் தெரிகிறது. ஆனால் இயேசு பட்ட பாடு நாம் படும் பாட்டைப் போன்றதல்ல என்று ஆகிவிட்டால், அந்த நோயாளி தன் வேதனையில் தனியாகவே விடப்படுகிறார். அதோடு, நம் மீட்பின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. எப்படி என்று சற்றுச் சிந்திப்போம்.

நற்செய்தி காட்டும் இயேசு

நற்செய்தியாளர்கள் இயேசுவின் மனிதத்தன்மையை மறைக்க முயலவில்லை. நடந்த களைப்பில் அவர் கிணற்றருகே அமர்கிறார் (யோவா 4:6). புயலடிக்கும் படகில் தலையணை வைத்து உறங்குகிறார் (மாற் 4:38). நண்பனின் கல்லறையருகே கண்ணீர் விடுகிறார் (யோவா 11:35). சிறுவனாக இருந்தபோது ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும் மிகுந்துவந்தார் என்று லூக்கா எழுதுகிறார் (2:52). வளர்ந்தார் என்றால், நம் பிள்ளைகளைப் போலவே அவரும் பேசப் பழகினார், நடக்கப் பழகினார், தச்சுவேலை கற்றுக்கொண்டார் என்பதுதானே பொருள்!

கெத்சமனியில் நிகழ்ந்ததையும் அவர்கள் மூடி மறைக்கவில்லை. இயேசு திகிலும் மனக்கலக்கமும் அடைந்ததாக மாற்கு எழுதுகிறார் (14:33). தரையில் விழுந்து மன்றாடுகிறார். கூட விழித்திருக்கும்படி நண்பர்களைக் கேட்கிறார். எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகமோ, அவர் உரத்த குரலிலும் கண்ணீரோடும் வேண்டினார் என்றும், துன்பங்கள் வழியாகக் கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்றும் கூறுகிறது (5:7-8). இது நடிப்பு என்றால் நற்செய்தியே நாடகமாகிவிடும்.

வெறும் தோற்றமா?

திருச்சபையின் தொடக்க நாள்களிலேயே இப்படி நினைத்தவர்கள் இருந்தார்கள். கடவுள் பசிப்பதும், வியர்ப்பதும், சாவதும் அவருடைய மாட்சிக்குத் தகாது என்பது அவர்கள் கருத்து. எனவே இயேசு மனிதரைப் போலத் தோன்றினாரே தவிர, உண்மையில் உடல் எடுக்கவில்லை என்றார்கள். இயேசு கிறிஸ்து மனிதராக வந்ததை ஏற்றுக்கொள்வதே கடவுளின் ஆவிக்கு அடையாளம் என்று யோவானின் முதல் திருமுகம் வலியுறுத்துவது (4:2) இத்தகைய போதனையை மனத்தில் கொண்டுதான்.

இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தியோக்கு நகர ஆயர் புனித இஞ்ஞாசியார் மறைசாட்சியாக இறப்பதற்காக உரோமைக்கு இழுத்துச் செல்லப்பட்டார். வழியில் அவர் எழுதிய கடிதங்களில் இந்தப் போதனையை நேருக்கு நேர் எதிர்த்தார். கிறிஸ்து பாடுபட்டது வெறும் தோற்றம் என்றால், தாம் சங்கிலியில் கட்டுண்டு கிடப்பதற்கும் காட்டு விலங்குகளுக்கு இரையாகப் போவதற்கும் என்ன பொருள் என்று கேட்டார். சிமிர்னா நகர மக்களுக்கு எழுதிய கடிதத்தில் இன்னொன்றையும் கவனித்துச் சொல்கிறார். கிறிஸ்துவின் உடலை மறுப்பவர்கள் நற்கருணையிலிருந்து விலகி நிற்கிறார்கள். கைம்பெண்கள், அநாதைகள், பசித்திருப்போர் மீதும் அவர்களுக்கு அக்கறை இல்லை என்கிறார். எவ்வளவு கூர்மையான பார்வை! கிறிஸ்துவின் உடலைப் பொருட்படுத்தாதவருக்கு ஏழையின் உடலும் பெரிதாகத் தெரிவதில்லை.

மனமும் மீட்கப்பட வேண்டும்

நான்காம் நூற்றாண்டில் சிக்கல் வேறு வடிவில் வந்தது. 325-ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம், இறைமகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டது. அந்த உண்மையைப் பெரிதும் போற்றியவர்களுள் ஒருவர் இலவோதிக்கேயா ஆயர் அப்பொலினாரிஸ். ஆனால் அந்த ஆர்வத்தில் அவர் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டார். இயேசுவுக்கு மனித உடல் உண்டு, ஆனால் மனித மனம் இல்லை. மனம் இருக்க வேண்டிய இடத்தில் இறைவார்த்தையே இருந்தது என்றார்.

இதற்கு நசியான்சு நகர் புனித கிரகோரியார் அளித்த பதில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. மனித இயல்பில் எந்தப் பகுதியை இறைமகன் தம்முடையதாக்கிக் கொள்ளவில்லையோ அந்தப் பகுதி நலம் பெறாமலேயே நின்றுவிடும் என்பது அவருடைய வாதம். ஆதாமின் பாவம் எங்கே தொடங்கியது? கையிலா, வாயிலா? கனியைப் பறிக்கும் முன்பே மனம் கடவுளை விட்டு விலகிவிட்டது. நோய் தொடங்கிய இடத்திற்கே மருந்து போகவில்லை என்றால் நோய் தீருமா? எனவே மீட்கப்பட மனித மனத்திற்கே அதிகத் தேவை இருந்தது. 381-ஆம் ஆண்டு கொன்ஸ்தாந்திநோப்பிளில் கூடிய பொதுச்சங்கம் அப்பொலினாரிசின் போதனையைத் தள்ளியது. 451-இல் கால்செதோன் பொதுச்சங்கம், இயேசு முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர், பாவம் தவிர மற்றனைத்திலும் நம்மைப் போன்றவர், ஆனாலும் ஒரே ஆள் என்று தெளிவுபடுத்தியது.

தோட்டத்தில் ஒலித்த "ஆம்"

ஏழாம் நூற்றாண்டில் கெத்சமனியே விவாதப் பொருளாயிற்று. கால்செதோனை ஏற்காத கிறிஸ்தவர்களைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்ள விரும்பிய பேரரசர்கள், கிறிஸ்துவுக்கு ஒரே ஒரு விருப்பம்தான், அது கடவுளின் விருப்பம் என்ற சமரசக் கருத்துக்கு ஆதரவு கொடுத்தனர். 648-இல் பேரரசர் இரண்டாம் கான்ஸ்தான்ஸ், இதுபற்றி யாரும் விவாதிக்கவே கூடாது என்று ஆணையிட்டார்.

புனித மாக்சிமுஸ் என்ற துறவி வாய்மூடி இருக்கவில்லை. துன்பக் கிண்ணத்தை அகற்றும்படி வேண்டிய இயேசு, தம் விருப்பப்படி அல்ல, தந்தையின் விருப்பப்படியே ஆகட்டும் என்றாரே (மாற் 14:36). அவருக்கென்று மனித விருப்பம் இல்லாவிட்டால் இந்த மன்றாட்டுக்குப் பொருள் ஏது? சாவைக் கண்டு உயிர் நடுங்குவது கடவுள் படைத்த இயல்பு, அது பாவமல்ல. அந்த நடுக்கத்தின் நடுவே, ஒரு மனித உள்ளம் முழு விடுதலையோடு தந்தைக்கு "ஆம்" சொன்னது. ஒரு தோட்டத்தில் ஆதாம் சொன்ன "இல்லை"க்கு இன்னொரு தோட்டத்தில் மருந்து கிடைத்தது. ஒரு மனிதரின் கீழ்ப்படியாமையால் வந்த கேடு ஒரு மனிதரின் கீழ்ப்படிதலால் நீங்கியது என்று புனித பவுல் எழுதுவதும் இதைத்தான் (உரோ 5:19).

இந்த உண்மைக்காகக் கொடுக்கப்பட்ட விலை சிறிதல்ல. 649-இல் உரோமையில் சங்கம் கூட்டி மாக்சிமுசின் பக்கம் நின்ற திருத்தந்தை முதலாம் மார்ட்டின், 653-இல் கைது செய்யப்பட்டு, கருங்கடற்கரைக்கு நாடு கடத்தப்பட்டு 655-இல் இறந்தார். எண்பது வயதைத் தாண்டிய மாக்சிமுசின் நாவும் வலக்கையும் வெட்டப்பட்டன. 662-இல் நாடு கடத்தப்பட்ட இடத்தில் அவர் இறந்தார். ஆனால் 680-681-இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கூடிய மூன்றாவது பொதுச்சங்கம், கிறிஸ்துவுக்கு இறை விருப்பமும் உண்டு, அதற்குக் கீழ்ப்படிந்து நடக்கும் மனித விருப்பமும் உண்டு என்று அறிக்கையிட்டது. நாவில்லாத துறவி சொன்னதையே திருச்சபை தன் நாவால் சொன்னது.

இன்றும் மனிதரே

மனிதராக இருந்தது முப்பது சொச்சம் ஆண்டுகள்தான், உயிர்ப்புக்குப் பின் அந்த உடலைச் சட்டையைப் போலக் கழற்றி வைத்துவிட்டார் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. உயிர்த்த ஆண்டவர் தம் கைகளையும் கால்களையும் காட்டி, சீடர்கள் முன் மீனும் உண்டார் (லூக் 24:39-43). தோமாவுக்குக் காட்டியது காயங்களின் தழும்புகளை. நம் மனித இயல்போடுதான் அவர் தந்தையின் வலப்பக்கம் அமர்ந்திருக்கிறார். கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே இணைப்பாளரைக் குறிப்பிடும்போது அவரை மனிதரான கிறிஸ்து இயேசு என்றே திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட திருமுகம் அழைக்கிறது (1 திமொ 2:5).

இறைவேண்டலில் உயர்ந்த நிலையை அடைந்தவர்கள் கிறிஸ்துவின் மனிதத்தன்மையைத் தாண்டிச் சென்றுவிட வேண்டும் என்று தம் காலத்தில் சிலர் கூறியதை அவிலா நகர் புனித தெரேசா உறுதியாக மறுத்தார். தாமே சிறிது காலம் அவ்வாறு முயன்றதை எண்ணி வருந்தினார். நாம் வானதூதர்கள் அல்ல, உடலுள்ளவர்கள். எனவே உடலெடுத்த நண்பர் நமக்குத் தேவை என்பது அவருடைய அனுபவம்.

நமக்கு என்ன?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள் நம் பெரியவர்கள். நம் தலைமைக் குருவுக்கு அது தெரியும். நம் வலுவின்மையைக் கண்டு இரக்கம் காட்ட இயலாதவரல்ல அவர்; பாவம் தவிர மற்ற எல்லாவற்றிலும் நம்மைப் போலச் சோதிக்கப்பட்டவர் (எபி 4:15).

ஆகவே, பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும்போது கை நடுங்கினால், "எனக்கு விசுவாசம் போதவில்லை" என்று உங்களையே குற்றம் சாட்டாதீர்கள். நம் ஆண்டவரும் நடுங்கினார். "இது வேண்டாமே" என்று தந்தையிடம் கேட்பதும் செபம்தான்; அவரும் கேட்டார். கூட இருக்க ஆள் வேண்டும் என்று தோன்றினால் வெட்கப்படாதீர்கள். அவரும் மூவரைத் துணைக்கு அழைத்தார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். நம் பங்கில் அப்படித் தனித்துக் கிடப்பவரின் அருகில் ஒரு மணி நேரம் விழித்திருப்பது நம் கடமை.

ஞாயிறு திருப்பலியில் இரண்டு சிறு செயல்களைக் கவனியுங்கள். விசுவாச அறிக்கையில், இறைமகன் மனிதரானதைச் சொல்லும் இடத்தில் நாம் தலைவணங்குகிறோம். கிறிஸ்து பிறப்பு விழாவிலும் மார்ச் 25-ஆம் நாள் பெருவிழாவிலும் முழந்தாளிடுகிறோம். பிறகு காணிக்கை தயாரிப்பின்போது, குரு இரசத்தில் சிறிதளவு தண்ணீரைக் கலக்கிறார். நம் மனித இயல்பில் பங்குகொள்ளத் தாழ்ந்து வந்தவரின் இறைத்தன்மையில் நாமும் பங்குபெற வேண்டும் என்பதே அப்போது அவர் மெல்லிய குரலில் சொல்லும் செபம். இரசத்தில் கலந்த தண்ணீரை இனி யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

அடுத்த ஞாயிறு அந்தத் துளியோடு உங்கள் பயத்தையும் களைப்பையும் கண்ணீரையும் சேர்த்து வையுங்கள். மறைக்கல்வி வகுப்பில் அந்தக் குழந்தை மறுபடியும் கேட்டால், தயங்காமல் சொல்லுங்கள்: "ஆமாம், கண்ணு. இயேசு உண்மையிலேயே பயந்தார். பயந்துகொண்டே நமக்காகச் சரி என்றார்."