தன் வேலைக்குத் தானே சான்றளிக்கும் மின்பணியாளர்: இங்கிலாந்து, வேல்ஸ் வீடுகளில் உரிமையும் பொறுப்பும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டு வயரிங் வேலை செய்வதற்கென அரசு உரிமம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் ஒப்பந்ததாரருக்கும் மேற்பார்வையாளருக்கும் வயர்மேனுக்கும் தனித்தனியே சான்று வழங்குவதைப் போன்ற ஏற்பாடு அங்கே கிடையாது என்பதால், ஒருவர் தம்மை எலெக்ட்ரீஷியன் என்று சொல்லிக்கொள்வதைத் தடுக்கும் சட்டமும் இல்லை. சட்டம் கட்டுப்படுத்துவது ஆளை அல்ல, வேலையை. கட்டட விதிமுறைகளின் ‘பார்ட் பி’ (Part P) என்னும் பகுதி 2005 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. குடியிருப்பில் செய்யப்படும் எந்த மின்வேலையும், தீயினாலோ மின் அதிர்ச்சியினாலோ எவருக்கும் ஊறு நேராத வகையில் வடிவமைக்கப்பட்டு நிறுவப்பட வேண்டும் என்பதே அதன் சாரம்.

இவ்விதி ஏன் தேவைப்பட்டது என்பதை, அது நடைமுறைக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2004-இல் லண்டனில் நிகழ்ந்த ஒரு மரணம் தெளிவாகக் காட்டுகிறது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் மகள், தம் வீட்டுச் சமையலறைச் சுவரில் திருகாணியால் பொருத்தப்பட்டிருந்த உலோகத் தாங்கியைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். சுவருக்குள் சாய்வாக இழுக்கப்பட்டிருந்த கேபிளை அந்தத் திருகாணி துளைத்திருந்தது. கேபிள்கள் சுவிட்ச் அல்லது சாக்கெட்டிலிருந்து செங்குத்தாகவோ கிடையாகவோ மட்டுமே செல்ல வேண்டும், அல்லது சுவரின் மேல்விளிம்பிலும் மூலையிலும் 150 மில்லிமீட்டர் அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்பது, பிஎஸ் 7671 எனப்படும் பிரிட்டிஷ் வயரிங் தரநிலையில் உள்ள ஏற்பாடு; பின்னாளில் ஆணி அடிப்பவர் எந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும் என ஊகித்தறிய முடிவதே அதன் நோக்கம். பூச்சுவேலை முடிந்த பின் இத்தகைய பிழையை வீட்டுக்காரர் கண்ணால் காண வழியில்லை. ஆகவே வேலை நடக்கும் காலத்திலேயே தகுதியுள்ள ஒருவர் அதற்குப் பொறுப்பேற்று எழுத்தில் கையொப்பமிட வேண்டியுள்ளது.

எல்லா வேலையும் அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 2013-க்குப் பின், புதிய சர்க்கியூட் அமைத்தல், வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பகிர்ந்தளித்துப் பாதுகாக்கும் பெட்டியான கன்ஸ்யூமர் யூனிட்டை மாற்றுதல், குளியல் தொட்டியையோ ஷவரையோ சுற்றியுள்ள வரையறுக்கப்பட்ட பரப்புக்குள் இருக்கும் சர்க்கியூட்டில் கூட்டலோ மாற்றமோ செய்தல் ஆகியவையே பெரும்பாலும் அறிவிக்கத்தக்கவை. வேல்ஸிலோ, சமையலறையிலும் வெளிப்புறத்திலும் செய்யப்படும் பல வேலைகளையும் உள்ளடக்கிய பழைய, விரிவான பட்டியல் தொடர்கிறது. பழுதான சாக்கெட்டுக்குப் பதிலாக அதே வகைச் சாக்கெட்டைப் பொருத்துவதற்கு அறிவிப்புத் தேவையில்லை. எனினும் அறிவிக்கத் தேவையற்ற வேலையும் பார்ட் பி-யின் பாதுகாப்புக் கடமைக்கு உட்பட்டதே என்பது அடிக்கடி மறக்கப்படுகிறது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் வேறு விதிமுறைகள் உண்டு.

அறிவிக்க வேண்டிய வேலைக்கு இங்கிலாந்தில் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, வேலை தொடங்குமுன் உள்ளூர் கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவிடமோ அரசில் பதிவுபெற்ற தனியார் கட்டுப்பாட்டாளரிடமோ விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்துவது. இரண்டாவது, வேலை தொடங்குமுன்னரே பதிவுபெற்ற மூன்றாந்தரப்புச் சான்றளிப்பாளர் ஒருவரை நியமித்து, இன்னொருவர் செய்யும் வேலையை அவர் ஆய்ந்து சோதிக்கச் செய்வது. மூன்றாவதே சுயசான்று: அரசின் அங்கீகாரம் பெற்ற ‘தகுதியாளர் திட்டம்’ ஒன்றில் பதிவுபெற்ற நிறுவனம், தான் செய்த வேலை விதிமுறைகளுக்கு இணங்கியது என்று தானே சான்றளித்து, வேலை முடிந்த 30 நாட்களுக்குள் கட்டடக் கட்டுப்பாட்டுக்குத் தகவலும் குடியிருப்பவருக்கு இணக்கச் சான்றும் சென்றுசேரச் செய்வது. என்ஐசிஇஐசி, நாப்பிட் ஆகியவை இத்தகைய திட்டங்களில் பரவலாக அறியப்பட்டவை. கவுன்சில் வழியில் கட்டணமே சில நூறு பவுண்டு வரை ஆகக்கூடும் என்பதால், வீட்டு வேலையையே பிழைப்பாகக் கொண்ட மின்பணியாளருக்குப் பதிவு ஏறத்தாழத் தவிர்க்க இயலாததாகிவிடுகிறது.

இங்கே முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, பதிவு பெறுவது தனிமனிதர் அல்ல, தொழில் நிறுவனம் என்பதாகும். தனியாளாகத் தொழில் நடத்துபவரும் ஒரு நிறுவனமாகவே கருதப்படுகிறார். ஒவ்வொரு நிறுவனமும், செய்யப்படும் வேலையின் தரத்துக்குப் பொறுப்பான ‘தகுதிபெற்ற மேற்பார்வையாளர்’ ஒருவரை நியமிக்க வேண்டும். தனியாள் நிறுவனத்தில் உரிமையாளரும் மேற்பார்வையாளரும் ஒருவரே. மேற்பார்வையாளரிடம் உரிய மூன்றாம் நிலைத் தொழிற்கல்வித் தகுதி, நடப்பிலுள்ள வயரிங் விதிகளில் தேர்ச்சி, சோதனையிலும் ஆய்விலும் தகுதி ஆகியவை எதிர்பார்க்கப்படுகின்றன. எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான மதிப்பீட்டு அளவுகோல் ஒன்று இவற்றை வரையறுக்கிறது. குறைந்தது 20 லட்சம் பவுண்டுக்கான பொதுப் பொறுப்புக் காப்பீடு, துல்லியம் சரிபார்க்கப்பட்ட சோதனைக் கருவிகள், பிஎஸ் 7671-இன் நடப்புப் பதிப்பு, புகார்ப் பதிவேடு ஆகியவற்றையும் அதுவே கோருகிறது. யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ பல ஆண்டுகள் வயரிங் செய்து கைதேர்ந்தவருக்கும் அந்த அனுபவம் மட்டும் பதிவுக்குப் போதாது. பிரிட்டிஷ் அளவுகோல் ஏற்கும் தகுதியாக அதை நிறுவிக்காட்ட வேண்டும்.

மதிப்பீட்டு நாளில், மதிப்பீட்டாளர் முதலில் ஆவணங்களைப் பார்வையிட்டு, பின் விண்ணப்பதாரர் ஏற்கெனவே முடித்த வேலைகள் சிலவற்றை நேரில் ஆய்வு செய்கிறார். இதில் கைவேலையின் அழகைவிடச் சோதனையின் ஒழுங்கே கூர்ந்து கவனிக்கப்படுகிறது. மின்னழுத்தங்காட்டியை இயங்கும் மூலத்தில் சரிபார்த்து, துண்டிக்கப்பட்ட சர்க்கியூட்டில் மின்சாரம் இல்லை என உறுதிசெய்து, மீண்டும் அதே மூலத்தில் கருவியைச் சோதிக்கும் பாதுகாப்பான துண்டிப்பு முறையை விண்ணப்பதாரர் செய்துகாட்ட வேண்டும். அதன்பின் எர்த் கம்பியின் தொடர்ச்சி, 500 வோல்ட்டில் காப்புத் தடை, துருவ ஒழுங்கு, எர்த் பிழைச் சுற்றின் மின்மறுப்பு, 30 மில்லி ஆம்பியர் கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி என்னும் சாதனம் உரிய நேரத்துக்குள் செயல்படுகிறதா என்பது ஆகியவற்றை அளந்து, அந்த எண்களின் பொருளையும் விளக்க வேண்டும். சோதனை செய்யாமலே சான்றில் எண்களை நிரப்பும் வழக்கம் எங்கே இருந்தாலும் அது மன்னிக்கத்தக்கதன்று. ஏனெனில் அந்த எண்களை நம்பியே வீட்டில் ஒரு குடும்பம் உறங்குகிறது. குறைகள் சுட்டப்பட்டால் அவற்றைத் திருத்திக்காட்டிய பின்பே பதிவு கிடைக்கும். அதன் பிறகும் குறித்த கால இடைவெளிகளில் மறு மதிப்பீடு தொடரும்.

ஆயினும் மதிப்பீட்டாளர் காண்பது சில வேலைகளை மட்டுமே என்பதையும், அவற்றைத் தெரிவு செய்ய உதவும் பட்டியல் நிறுவனத்திடமிருந்தே வருகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. பதிவு என்பது ஒரு நிறுவனம் முறையாக வேலை செய்ய வல்லது என்பதற்கான சான்றேயன்றி, குறிப்பிட்ட ஒரு வீட்டு வேலை சரியாக நடந்தது என்பதற்கான சான்று ஆகாது. ஆகவேதான் வீட்டுக்காரர் கேட்டுப் பெற வேண்டிய தாள்கள் முக்கியத்துவம் பெறுகின்றன.

அந்தத் தாள்கள் இரண்டு. இரண்டையும் ஒன்றெனக் கருதி ஒன்றோடு நிறைவடைபவர் பலர். முதலாவது மின் நிறுவல் சான்று: வடிவமைப்பு, நிறுவல், ஆய்வும் சோதனையும் ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்ற கையொப்பங்களும் அளவீடுகளும் கொண்ட தொழில்நுட்ப ஆவணம் இது. இரண்டாவது கட்டட விதிமுறை இணக்கச் சான்று: வேலை கட்டடக் கட்டுப்பாட்டுக்கு முறையாக அறிவிக்கப்பட்டதைக் காட்டும் சட்ட ஆவணம் இது. வேலைக்கு ஆள் அமர்த்துமுன், நிறுவனத்தின் பெயரைத் திட்டத்தின் பொதுப் பதிவேட்டில் வீட்டுக்காரரே தேடிப் பார்க்க வேண்டும். வேனில் ஒட்டியிருக்கும் முத்திரையோ ஊர்க்காரரின் பரிந்துரையோ அதற்கு ஈடாகாது. ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் வீட்டை விரிவாக்கும்போது, தெரிந்தவர் வேலையைச் செய்து முடிக்க, பதிவுபெற்ற வேறொருவர் பின்னர் வந்து ‘கையெழுத்துப் போட்டுத் தருவார்’ என்ற பேச்சு எழுந்தால், அதை உடனே மறுத்துவிடுவது நல்லது. சுயசான்று தம் நிறுவனத்தின் சொந்த வேலைக்கு மட்டுமே செல்லும். பிறர் வேலைக்குச் சான்றளிக்கும் அதிகாரம், வேலை தொடங்குமுன் நியமிக்கப்பட்ட மூன்றாந்தரப்புச் சான்றளிப்பாளருக்கே உண்டு. விதிமுறை மீறலைத் திருத்துமாறு கவுன்சில் அனுப்பும் அறிவிப்பு வீட்டு உரிமையாளரின் பெயருக்கே வரும் என்பதால், இந்தக் குறுக்குவழியின் சுமை இறுதியில் அவர் தலையிலேயே விழுகிறது.

வேலையில் குறை தென்பட்டால், முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்து மூலம் புகார் தெரிவித்து, திருத்தும் வாய்ப்பை அளிக்க வேண்டும். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டம், சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் எனக் கோருகிறது. அவ்வாறு செய்யப்படாதபோது வேலையை மீண்டும் செய்விக்கவும், அது இயலாவிடில் கட்டணக் குறைப்புப் பெறவும் நுகர்வோருக்கு உரிமை உண்டு. நிறுவனம் செவிசாய்க்காவிட்டால் அது பதிவுபெற்ற திட்டத்திடம் முறையிடலாம். நிறுவனத்தைத் திருத்தப் பணிக்கவும், இணங்க மறுத்தால் பதிவை நீக்கவும் திட்டத்துக்கு அதிகாரம் உண்டு. பண இழப்புக்கு, 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கைகளைச் சிறு வழக்கு நடைமுறையில் வழக்கறிஞர் இன்றியே கவுண்டி நீதிமன்றத்தில் தொடரலாம். உயிருக்கு ஆபத்தான நிலை ஐயப்பட்டால் இந்த வரிசைக்காகக் காத்திராமல், அந்தச் சர்க்கியூட்டை உடனே துண்டித்துவிட்டு, வேறொரு தகுதிபெற்ற மின்பணியாளரிடம் மின் நிறுவல் நிலை அறிக்கை பெறுவதே முதற்கடமை. அந்த அறிக்கை பின்னர் புகாருக்கும் சான்றாக நிற்கும்.

இணக்கச் சான்று தொலைந்துபோயிருந்தால் திட்டத்திடமிருந்து படி பெறலாம். வேலை அறிவிக்கப்படாமலே நடந்திருந்தால், கவுன்சிலிடம் முறைப்படுத்தல் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம்; அதற்காகச் சுவரின் ஒரு பகுதியைத் திறந்து காட்டவும் மறுசோதனை செய்யவும் நேரலாம். வீடு விற்பனையின்போது விற்பவர் நிரப்பும் சொத்துத் தகவல் படிவம், 2005 ஜனவரி 1-க்குப் பின் செய்யப்பட்ட மின்வேலை பற்றியும் அதன் சான்றுகள் பற்றியும் கேட்கிறது. ஆகவே வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கும்வரை காத்திராமல், வேலை முடிந்த 30 நாள் கழித்தும் சான்று வராதபோதே நிறுவனத்தையும் திட்டத்தையும் கேட்டுவிட வேண்டும்.