சவிட்டு நாடகத்தின் தமிழ்: கொச்சிக் கடற்கரை ஊர்களில் ஒரு கலைமொழியின் நிலை

கொச்சிக்கு வடக்கே, பெரியாறு பல கிளைகளாகப் பிரிந்து கடலை நெருங்கும் இடத்தில், கொடுங்கல்லூருக்குத் தெற்கே நீருக்கு அப்பால் கோதுருத்து என்னும் சிறு தீவூர் உள்ளது. எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலம் ஊராட்சியைச் சேர்ந்தது. மலையாளத்தில் ‘துருத்து’ என்பது நீர் சூழ்ந்த நிலத்தைக் குறிக்கும். ஆற்றிடைக்குறையைக் குறிக்கும் ‘துருத்தி’ என்னும் தமிழ்ச் சொல்லை இன்று பேச்சுத் தமிழில் கேட்பது அரிது. ஆனால் காவிரிக் கரையில் திருத்துருத்தி, திருப்பூந்துருத்தி ஆகிய ஊர்ப்பெயர்களில் அது நிலைத்துள்ளது. தமிழில் ஊர்ப்பெயருக்குள் ஒடுங்கிவிட்ட சொல், மலையாளக் கடற்கரையில் பொதுச்சொல்லாக உயிரோடு இருக்கிறது. இந்த ஊரார் போற்றிவரும் நாடகத்தின் மொழியும் ஏறத்தாழ இத்தகைய நிலையிலேயே உள்ளது.

கோதுருத்து மக்களில் பெரும்பாலோர் இலத்தீன் கத்தோலிக்கர். மீன்பிடித்தலும் படகுத் தொழிலும் கூலிவேலையும் அவர்கள் வாழ்க்கைக்கு ஆதாரமாக இருந்துவந்தவை. ஊரின் பெயரைத் தாங்கிய இருட்டுக்குத்தி வகைப் படகுகள் கேரளத்துப் படகுப் போட்டிகளில் பெயர்பெற்றவை. பகலில் துடுப்புப் போட்ட அதே கைகள் இரவில் அட்டைக் கேடயமும் வாளும் ஏந்தின. தொழிலாளரே அரசராகவும் படைத்தலைவராகவும் மேடையேறினர். சவிட்டு நாடகம் என்னும் இக்கலை இவ்வூருக்கு மட்டும் உரியதன்று. வடக்கே சாவக்காடு முதல் தெற்கே கொல்லம் வரையுள்ள கடற்கரைக் கத்தோலிக்கரிடையே அது பரவியிருந்தது. எனினும், அதைத் தொடர்ந்து பேணிவந்த ஊர்களுள் கோதுருத்துக்குத் தனியிடம் உண்டு. இக்கலையைப் பற்றிய முதல் விரிவான ஆய்வை 1964-இல் நூலாக வெளியிட்ட சபீனா ராஃபி இவ்வூரோடு தொடர்புடையவரே.

‘சவிட்டு’ என்றால் மிதித்தல். குமரி மாவட்டத்துப் பேச்சில் ‘சவட்டு’ என்னும் வடிவம் இன்றும் வழங்குவதால், தென்கோடித் தமிழருக்கு விளக்கம் வேண்டியதில்லை. பலகைகளால் அமைத்த உயர்ந்த மேடையின்மேல் நடிகர்கள் பாடிக்கொண்டே ஓங்கி மிதிப்பர். மேடைக்குப் பெயரே ‘தட்டு’ என்பதாகும். பலகையின் அதிர்வும் ஒருவகை இசைக்கருவியாகவே பயன்படும். செண்டை, மத்தளம், இலத்தாளம் முதலியன அதனோடு சேரும். பிற்காலத்தில் ஆர்மோனியமும் தபேலாவும் வந்தன. உடைகள் ஐரோப்பிய அரசவையை நினைவூட்டுவன: வெல்வெட்டுத் துணி, பளபளக்கும் சரிகைத்தாள், முடி, மார்புக் கவசம். பெண்வேடத்தையும் ஆண்களே தாங்குவது பழைய வழக்கம்.

கதைகள் பெரும்பாலும் போர்த்துக்கீசியர் வழியாக வந்த ஐரோப்பியக் கதைகள். அவற்றுள் தலையாயது ‘காறல்மான் சரிதம்’. பிராங்கியப் பேரரசர் சார்லமேனின் போர்களைக் கூறுவது இது. ஆங்கிலேயர் வழியே இப்பெயர் வந்திருந்தால் முதலெழுத்து ‘சா’ ஆகியிருக்கும். போர்த்துக்கீசிய ‘கார்லோசு மாக்னோ’ என்பதன் சுவடே ககரத்தில் தெரிகிறது. ரோலந்து என்னும் வீரன் ‘ரோல்தான்’ ஆவதும் ஐபீரிய ஒலிவடிவத்தை ஒட்டியதே. செனோவேவா என்னும் கற்பரசியின் கதையும் விரும்பி ஆடப்பட்டது. அக்கதை 1953-இல் எம். ஜி. ராமச்சந்திரன் நடித்து ‘ஜெனோவா’ என்ற பெயரில் மலையாளத்திலும் தமிழிலும் திரைப்படமாக வந்ததைத் திரைப்பட வரலாறு அறிந்தோர் நினைவுகூர்வர். மேடையில் பழகிய கதை என்பதால் கடற்கரைப் பார்வையாளருக்கு அது புதிதாக இருந்திராது.

மேடையின் உரிமையாளர் அண்ணாவி. ஆசான் என்றும் அழைப்பர். பாடலைக் கற்பிப்பவரும், அடிவைப்பைப் பழக்குபவரும், மேடையின் ஓரத்தில் சுவடியோடு நின்று பிசகைத் திருத்துபவரும் அவரே. ‘அண்ணாவி’ என்னும் சொல் தமிழில் ஆசிரியரையும் கூத்துப் பழக்குபவரையும் குறிப்பது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் நாட்டுக்கூத்து ஆசிரியரை இன்றும் அண்ணாவியார் என்றே மரியாதையோடு அழைக்கின்றனர். கட்டியக்காரன், விருத்தம் ஆகிய சொற்களும் இரு கரைகளுக்கும் பொதுவானவை. மன்னார்க் கத்தோலிக்கரின் ‘எண்டிறிக்கு எம்பரதோர்’ நாடகமும் கொச்சிக் கடற்கரையின் காறல்மானும் ஒரே கடல்வழிப் பண்பாட்டின் இரு கிளைகள் என்று கருதுவதற்கு இக்கலைச்சொற்களே வலுவான சான்று. காறல்மான் சரிதத்தை இயற்றியவராக மரபு கூறும் சின்னத்தம்பி அண்ணாவியின் பெயரும் தமிழ்ப் பெயரே.

இனி, மலையாளம் பேசும் மக்களின் நாடகம் தமிழில் அமைந்தது ஏன் என்னும் வினா எழுகின்றது. ஊரார் ‘செந்தமிழ்’ என்று குறிப்பிடும் அம்மொழி, மலையாளக் கலப்புடைய தமிழ். அண்ணாவிமார் தமிழ்நாட்டிலிருந்து வந்தனர் என்னும் மரபுவழி விளக்கம் ஓரளவுக்கே போதுமானது. அவர்கள் வந்து கற்பித்தபோது அதை ஏற்கும் நிலையில் கடற்கரை இருந்தது என்பதையும் காணவேண்டும். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. அடுத்த ஆண்டு ‘கிரீசித்தியானி வணக்கம்’ கொச்சியில் வெளிவந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து 1679-இல், அந்தாவு தெ புரோயென்சா தொகுத்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி அம்பழக்காட்டில் அச்சேறியது. மூன்று ஊர்களும் இன்றைய கேரளத்தில் உள்ளவை. அக்காலத்து மறைப்பணியாளர் இரு மொழிகளையும் ‘மலபார் மொழி’ என்னும் ஒரே பெயரால் சுட்டினர். தம்பிரான் வணக்கத்தின் முகப்பிலேயே ‘மலவார் தமிழ்’ என்ற தொடர் உள்ளது. ஆகவே, கோயிலில் கேட்கும் வேதமொழிக்கும் மேடையில் கேட்கும் நாடகமொழிக்கும் தமிழ் ஒரு மேன்மையைத் தந்திருந்தது எனலாம்.

சமயம் மட்டுமே காரணம் என்றும் கொள்ளவேண்டியதில்லை. பாலக்காட்டுப் பகுதியில் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் நிகழும் தோற்பாவைக்கூத்தில் கம்பராமாயணப் பாடல்கள் மலையாளம் பேசும் புலவர்களால் பாடப்படுகின்றன. கேரளத்தில் தமிழ் என்பது அண்டை நாட்டு மொழியாக மட்டும் இருந்ததில்லை. நிகழ்கலைக்குரிய உயர்நடையாகவும் இருந்தது.

எழுத்து மாறும்போது

நாடகச் சுவடிகளைப் படியெடுத்தவர்கள் மலையாள எழுத்தில் எழுதினர். இங்கேதான் மொழியியலாருக்கு உரிய சிக்கல்கள் தொடங்குகின்றன. தமிழில் ஒரே ககரம் இடத்துக்கேற்ப வல்லொலியாகவும் மெல்லோசையாகவும் ஒலிக்கும். மலையாளத்தில் படியெடுப்பவர் ஒவ்வோர் இடத்திலும் ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்தாகவேண்டும். வடசொற்களை அவர் தம் பள்ளிப் பயிற்சியால் அறிவார். ஆதலின் தமிழ் மேடையில் ‘கெம்பீரம்’ என்றிருந்தது, அவர் கையில் வடமொழி ஒலியோடு கூடிய ‘கம்பீர’ வடிவத்தை அடைவது எளிது. இது பிழை போலத் தோன்றாது. திருத்தம் போலவே தோன்றும். அதனாலேயே மூலத்தை மீட்பது கடினமாகின்றது.

மெல்லினத்தை அடுத்த வல்லினம் மலையாளத்தில் பல சொற்களில் மெல்லினமாகவே ஒன்றிவிடும். ‘வந்து’ என்பது ‘வன்னு’ என்றும், ‘மாங்காய்’ என்பது ‘மாங்ஙா’ என்றும் ஆகும். பாட்டின் இரண்டடியிலும் ஒரே மாற்றம் நிகழ்ந்தால் எதுகை பிழைத்துக்கொள்ளும். ஓரடியில் மாறி மற்றோரடியில் மாறாது நின்றால் எதுகை உடையும். எதுகை முறிந்த இடங்களை வரிசைப்படுத்திப் பார்ப்பது, படியெடுத்தவர் கை பட்ட இடங்களைக் காணும் நல்ல வழி.

இவற்றினும் பெரியது வினைமுற்று விகுதி. இன்றைய மலையாளத்தில் ‘வந்தேன், வந்தான், வந்தாள், வந்தார்’ எல்லாவற்றுக்கும் ஒரே முற்றுதான். தமிழ்க் கூத்து மரபில் பாத்திரம் தன் வரவைத் தானே படர்க்கையில் பாடுவதும், பிறகு தன்மைக்கு மாறி உரையாடுவதும் இயல்பு. அந்த மாற்றத்தைக் காட்டுவது விகுதி ஒன்றே. மலையாள வழக்குக்கு இணங்க விகுதியை நீக்கினால், பேசுபவன் தன்னைச் சொல்கிறானா பிறனைச் சொல்கிறானா என்பது தெளிவற்றுப்போகும். விகுதி நீங்கும்போது ஓர் அசையும் குறையும் அல்லது நெடில் குறிலாகும். பாடலின் தாளத்தோடு மிதி இணைந்த கலையில் அசை குறைந்தால் கால் தடுமாறும். பொருள் விளங்காத விகுதிகளைக்கூடப் பாடுவோர் விடாமல் பேணியதற்கு மொழிப்பற்றைக் காரணமாகச் சொல்வது அழகாக இருக்கலாம். ஆனால் காலடியே பெரிய காரணமாக இருந்திருக்கவேண்டும்.

அடிவைப்பை ‘சுவடு’ என்றும் ஏட்டைச் ‘சுவடி’ என்றும் இக்கலையினர் வழங்குவர். ஒலியொப்புமையைக் கண்டு இரண்டையும் ஒரே வேரில் முடிச்சுப் போட எவருக்கும் ஆசை வரும். அதற்கு வேறு சான்று வேண்டும். எனினும், ஏட்டை அடி காத்தது என்னும் அளவில் அவ்விரு சொற்களும் அருகருகே நிற்பது பொருத்தமே.

ஒலிப்பைப் பொறுத்தவரை ஒரு செய்தி தமிழ்நாட்டு ஆய்வாளர் கவனத்துக்கு உரியது. ‘காற்று’, ‘பற்று’ போன்ற சொற்களில் வரும் இரட்டை றகரத்தைத் தமிழ்நாட்டுப் பேச்சு பெரும்பாலும் ‘காத்து’, ‘பத்து’ எனத் தகரமாக்கிவிட்டது. படிக்கும்போதோ அதனுடன் ஒரு ரகரச் சாயல் சேர்கிறது. மலையாளம் பேசுவோர் நாவில் அது தூய நுனியண்ண வெடிப்பொலியாகவே ஒலிக்கும். யாழ்ப்பாணத் தமிழிலும் அவ்வாறே. ‘என்றான்’ போன்ற சொற்களின் ‘ன்ற’ மயக்கமும் மலையாளத்து ‘என்றெ’ (என்னுடைய) என்பதில் உள்ளதுபோல ரகரச் சாயலின்றி ஒலிக்கப்படும். பழந்தமிழுக்கு மொழிநூலார் மீட்டுருவாக்கிய ஒலிக்கு இது நெருங்கியது. ஆகவே, சவிட்டு நாடகப் பாடகர் தமிழைச் ‘சிதைத்து’ உச்சரிக்கிறார் என்று தமிழர் ஒருவர் குறைகூறுமிடங்களில் சில, உண்மையில் தமிழ்நாடு இழந்துவிட்ட ஒலிப்பாக இருக்கக்கூடும்.

இன்றைய நிலை

பழைய முறையில் பயிற்சி பல மாதங்கள் நடந்தது. ஆட்டம் பல இரவுகள் நீண்டது. கோயில் பெருநாளை ஒட்டி ஊர் முழுவதும் கூடிப் பார்த்த அந்நிலை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தளர்ந்தது. இதனிடையே மலையாளத்திலேயே புதிய நாடகங்கள் எழுதப்பட்டன. 2010-களின் தொடக்கத்தில் கேரளப் பள்ளிக் கலைவிழாவில் சவிட்டு நாடகம் போட்டிக் கலையாகச் சேர்க்கப்பட்டது பெரிய திருப்பம். கடற்கரைக் கத்தோலிக்கர் அல்லாத மாணவரும் கற்கத் தொடங்கினர், பெண்கள் மேடையேறினர், அண்ணாவிமாரைத் தேடி மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்து பள்ளிகள் வந்தன. கலை பிழைத்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் போட்டிக்கு நிமிடக் கணக்கு உண்டு. பல இரவுகளுக்குரிய கதை சில நிமிடத்துக்குள் அடங்கவேண்டுமெனில், அடிவைப்புக்கு இடம்தரும் விரைவுப் பாடல்கள் நிற்கும். தாளமின்றி நின்று பாடும் விருத்தமே முதலில் சுருங்கும். சொல்வளமும் பழைய வினைவடிவங்களும் செறிந்து கிடப்பது விருத்தங்களில்தான். மேடைக்கு உதவாதது ஏட்டிலாவது இருக்கும் என்று ஆறுதல் கொள்வதற்கும் இல்லை. பல பாடல்கள் அண்ணாவிமார் வீடுகளில் நோட்டுப் புத்தகங்களாகவே உள்ளன. 2018 ஆகஸ்டில் சேந்தமங்கலம் வட்டாரத்தை மூழ்கடித்த வெள்ளம், கைத்தறிகளைச் சேற்றில் புதைத்ததைப் போலவே, தாளில் மட்டும் இருக்கும் எதற்கும் அங்கே உத்தரவாதம் இல்லை என்பதைக் காட்டிவிட்டது.

இச்சுவடிகளைப் பதிப்பிக்க முன்வரும் தமிழறிஞர் முதலில் அடக்கவேண்டியது திருத்தும் ஆசையை. மலையாளக் கலப்பை நீக்கிச் ‘செந்தமிழ்’ ஆக்கினால் கிடைப்பது, எந்த ஊரிலும் எவரும் பாடாத ஒரு நாடகமாகவே இருக்கும். மறுபுறம், தற்கால மலையாளத்துக்கு முழுவதும் மாற்றுவதை விரும்புவோரின் வாதத்தையும் எளிதில் தள்ளமுடியாது. தாம் பாடுவதன் பொருள் தமக்கே விளங்கவேண்டும் என்று ஓர் இளைஞர் கேட்பதில் தவறில்லை. மலையாள எழுத்தில் உள்ளவாறே பாடம், எதிரே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்ப்பு, அடியில் இக்கால மலையாளத்தில் பொருள் என மூன்றும் ஒரே பக்கத்தில் அமைந்தால் அந்த இளைஞருக்கும் ஆய்வாளருக்கும் அது பயன்படும். ஒலிப்பதிவு அதனோடு சேரவேண்டும். எழுத்து காட்டாத நீட்டலையும் அசைப்பிரிப்பையும் அண்ணாவியின் குரலே காட்டும். எனவே பதிப்புப் பணியில் எது பழமையான ஏடு என்று தேடி முன்னுரிமை தருவதைவிட, எந்த ஏட்டைப் பாடிக்காட்ட ஓர் அண்ணாவி இன்னும் இருக்கிறாரோ அந்த ஏட்டை முதலில் எடுத்துக்கொள்வதே முறையாகும்.