கரியாஹாட் வானத்துப் பருந்துகள்

மார்கழி மாதக் காலையில், கல்கத்தாவின் கரியாஹாட் சந்தையில் மீன்காரர்கள் அரிவாள்மணையில் ரோகு மீனை அரிந்து செதிலையும் குடலையும் ஒதுக்கும் வேளையில், மேம்பாலத்துக்கு மேலே வட்டமிடும் பருந்துகளைச் சந்தைக்கு வருவோர் பார்த்தும் பாராதவர்போல் போய்விடுகிறார்கள். இந்தப் பருந்தினத்தில் இரு பிரிவுகள் உண்டு: ஒன்று ஆண்டு முழுவதும் நம் நகரங்களிலேயே கூடுகட்டி வாழ்வது, சற்றே பருத்து, காதருகே கருந்திட்டு உடைய மற்றொன்று, குளிர்காலத்தில் மட்டும் வட இந்தியச் சமவெளிக்கு வரும் அதிதி.

அந்த அதிதி எங்கிருந்து வருகிறது? முன்னாளில் இதை அறியப் பறவையின் காலில் வளையமிடுவதே உபாயமாயிருந்தது. 1959-இல் பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் வழிகாட்டுதலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அப்பணியைப் பெரிய அளவில் மேற்கொண்டது. ஆனால் வளையமிட்ட பறவை மீண்டும் யாரிடமாவது அகப்பட்டாலொழியச் செய்தி கிட்டாது; கிட்டினாலும், புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் விளங்குமேயன்றி இடைவழி விளங்காது.

அக்குறையைத் தொலையளவியல் தீர்த்தது. சிறகசைவுக்கு இடையூறு நேராவண்ணம் பறவையின் முதுகில் மெல்லிய நாடாவால் கட்டப்படும் சிறு கருவி, தன்மீதுள்ள சூரியத் தகட்டால் மின்சக்தி பெற்று, ஜிபிஎஸ் துணையால் தான் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் கணித்து, செல்பேசிக் கோபுரங்கள் வழியாகவோ செயற்கைக்கோள் வழியாகவோ ஆய்வாளருக்கு அனுப்புகிறது. கருவியின் பாரம் பறவையின் எடையில் நூற்றுக்கு 3 பங்கைத் தாண்டலாகாது என்பது பொதுவாக அனுசரிக்கப்படும் நியமம். ஒரு கிலோ எடையுள்ள பருந்து 30 கிராமுக்கு மேல் சுமக்கலாகாது.

தில்லியில் குளிர்காலத்தைக் கழித்த 19 பருந்துகளுக்கு இவ்வாறு கருவி பொருத்திய நிஷாந்த் குமார் முதலிய ஆய்வாளர்கள், 2020-இல் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். அப்பருந்துகள் இமயத்தைச் சுற்றிப் போகாமல், கே-2 சிகரத்தை ஒட்டிய குறுகிய பாதையில், சில வேளை 6,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் மலைகளைக் கடந்து, சுமார் நான்கு வாரங்களில் 3,300 முதல் 4,800 கிலோமீட்டர் வரை பறந்து, கசகஸ்தான், ருஷ்யா, சீனா, மங்கோலியா ஆகிய தேசங்கள் சூழ்ந்த பிரதேசத்தை அடைந்து, அங்கே குஞ்சு பொரிக்கின்றன!

குப்பை பொறுக்கும் பட்சி என்று நாம் அலட்சியம் செய்த ஒன்றின் பராக்கிரமம் இது. அந்த நெடும் பிரயாணத்துக்கு வேண்டிய பலத்தை அது சேர்ப்பதோ, நம் நகரங்கள் எறியும் கழிவிலிருந்து. ஆகவே அக்கழிவில் விஷம் கலந்தால், அதன் விளைவு தொலைதூரத்துப் புல்வெளிக் கூடுகளையும் சென்று தாக்கும். இப்பறவையைக் காப்பது எல்லைக்கு அப்பாலுள்ள வனங்களின் பொறுப்பு மட்டுமன்று. தில்லியிலும் கல்கத்தாவிலும் நாள்தோறும் குப்பையை அள்ளி அகற்றும் நகராட்சிக்கும், அதில் எதை எறிகிறோம் என்று யோசிக்க வேண்டிய நமக்கும் உரிய தர்மமாகும்.