குட்டிதானே என்று இருந்துவிடலாமா?



பள்ளி விடுமுறையிலே ஒருநாள் பையன் சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வருவான். பார்த்தால், கண் திறந்து நாலு நாள் ஆன நாய்க்குட்டி. "அம்மா, வெச்சிக்கலாம்மா" என்பான். நம் லயங்களுக்கு நாய்கள் பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேருகின்றன.

வளர்ப்பதில் தப்பில்லை. ஆனால் அந்தக் குட்டியை முதலில் தாயிடமே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். 8 வாரம் ஆனபிறகு எடுத்து வரட்டும். கடித்தால் மற்றவனுக்கு வலிக்கும் என்பதைக் குட்டி தன் தாயிடமும் கூடப் பிறந்ததுகளிடமும்தான் கற்றுக்கொள்கிறது. முன்னாலேயே பிரித்து டின் பாலைக் கரைத்து ஊற்றினால் வயிற்றுப்போக்குதான் மிச்சம். இன்னொன்று: குட்டி இனாமாகக் கிடைக்கும், ஊசி இனாமாகக் கிடைக்காது. சம்பளத்தில் அதற்கு எடுத்து வைக்க முடியாது என்றால் இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுவது மேல்.

முதலில் பூச்சி மருந்து. குட்டிகள் பல, பிறக்கும்போதே தாய் வயிற்றிலிருந்து புழுவை வாங்கிக்கொண்டு வருகின்றன. கொக்கிப் புழு தாய்ப்பால் வழியாகவும் வரும். வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டங்களில் கக்கூசு இல்லாமல், காலில் செருப்பில்லாமல், இந்தக் கொக்கிப் புழுவால் நம்மவர் எத்தனை பேர் ரத்தம் வற்றி வெளுத்துப் போனார்கள் என்பதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இன்று கக்கூசு இருக்கிறது. ஆனாலும் நாய் வயிற்றில் வாழும் கொக்கிப் புழுவில் ஒரு வகை மனிதன் வயிற்றிலும் வளருகிறது என்று நம் நாட்டில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது. வாசலில் நாய் மலம் கிடக்கும். அங்கேதான் புள்ளைங்க வெறுங்காலோடு கோலி விளையாடும். ஆகவே 2 வார வயதிலிருந்து 3 மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருதரம், பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருதரம் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். அளவு குட்டியின் எடையைப் பொறுத்தது, மிருக டாக்டரைக் கேட்டே கொடுங்கள். மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைப்பது யார் வேலை என்று வீட்டில் முதல் நாளே பேசி வையுங்கள். கொஞ்ச எல்லாரும் வருவார்கள், அள்ள ஒருவரும் வரமாட்டார்கள்!

6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி. பிறகு 4 மாதம் ஆகும்வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒன்று. இதைத் தவறவிட்ட குட்டிகளைத்தான் பார்வோ என்ற நோய் ரத்தபேதியாக வந்து இரண்டு மூன்று நாளில் கொண்டுபோகிறது.

3 மாதத்தில் வெறிநாய் நோய்க்கான ஊசி. இதிலே பேரா மாநிலத்துக்காரர்கள் அலட்சியமாக இருக்கக்கூடாது. 1952-ல் கோலாலம்பூரில் இந்த நோய் கடுமையாகப் பரவியது. 1955-ல் தாய்லாந்து எல்லையோரமாக நாய்களுக்கு ஊசி போடும் தடுப்பு வளையம் ஒன்றை அரசு அமைத்தது. நம் மாநிலத்தின் வடபகுதியும் அதில் அடங்கும். பல வருஷம் நோய் அடங்கியிருந்தது. 2015-ல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் மறுபடி தலைகாட்டியது. 2017-ல் சரவாக்கில் பரவியபோது முதலில் இறந்தவர்கள் சின்னப் பிள்ளைகள்.

"குட்டிதானே கடிச்சிச்சி, என்ன ஆகப்போவுது?" என்று மட்டும் சொல்லாதீர்கள். நோய் கண்ட குட்டி கடித்தாலும் அதே ஆபத்துதான். கடிவாயில் சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அப்பக்கூடாது. ஓடும் குழாய்த் தண்ணீரில் சவுக்காரம் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரி. வலி போய்விட்டதே என்று இருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து நோய் காட்டும். காட்டிய பிறகு பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் கட்டி வைத்துக் கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். பத்து நாள் பார்ப்பார்கள். நாய் செத்தால் அதன் மூளையைச் சோதித்து நோயை உறுதி செய்யும் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் நம் ஈப்போவிலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

செம்பனைக் காட்டில் வைக்கும் எலி மருந்தையும் மறக்க வேண்டாம். குட்டி கண்டதைக் கவ்வும். மருந்தைத் தின்றாலும், மருந்து தின்ற எலியைத் தின்றாலும் ஆபத்து. சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும். மருந்தின் உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். வேலைக்குப் போகும்போது குட்டியைக் காட்டுக்குக் கூட்டிப் போகாமலிருப்பது இன்னும் நல்லது.

தோட்டம் கைமாறி தாமான் வீட்டுக்குப் போனவர்களுக்கு ஒரு வார்த்தை. லயத்தில் அவிழ்த்துவிட்ட மாதிரி அங்கே விட முடியாது. நகராண்மைக் கழகத்தில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தின் வாசலில் நம் நாய் போய் நிற்கக்கூடாது, வேலிக்குள்ளே இருக்கட்டும். அதற்காக நாள் முழுக்க குட்டைச் சங்கிலியில் கட்டிப்போட்டால் அது கடிநாயாகத்தான் வளரும். காலை மாலை பெரியவர் ஒருவர் கயிற்றில் நடத்திக் கூட்டிப் போகட்டும். சாப்பிடும்போது சின்னப் பிள்ளைகள் கிட்டே போக வேண்டாம்.

6 மாதம் ஆனதும் கருத்தடை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பெட்டை சினைப்பட்டால் 63 நாளில் குட்டி போடும். மறுபடி ஒரு பையன் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வருவான். முதல் வருஷம் முடிகிற மாதத்தில் தடுப்பூசி, வெறிநாய் ஊசி இரண்டையும் திரும்பப் போட வேண்டும். ஊசி அட்டையைப் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தோடு வைத்து, தேதியைச் சுவர்க் காலண்டரில் இன்றைக்கே குறித்துவிடுங்கள்.